அறுபத்தொன்று முதல் அறுபத்தைந்து வரை

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தபோது
கடிதத்தைப் பிரித்தேன்.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்.
அதற்கு அவசரமில்லை. எனக்கும்.

பதினாலாயிரத்து இருநூறு இருந்த இடத்தில்
முப்பத்தோராயிரத்து அறுநூறு.
காரணம் ஒரே வரி:
வயது அடுக்கு மாற்றம்.
பிறந்தநாளுக்கு வேறு யாரும்
எதுவும் அனுப்பவில்லை.

கல்யாணத்தில் என்னை அனுப்பிவைக்க
அப்பா போட்டது பதினோரு பவுன்.
இப்போது நான் போய்விடுவேனோ என்று
யாரோ பயப்படுவதற்கு
வருஷா வருஷம் நானே கட்டுகிறேன்.

மாவு மில்காரி நான்.
எதையும் கிலோவில்தான் பார்ப்பேன்.
அரைக்கூலி கிலோவுக்குப் பத்து ரூபாய்.
போன வருஷம் என் உயிர்
ஆயிரத்து நானூற்று இருபது கிலோ.
இந்த வருஷம் மூவாயிரத்து நூற்று அறுபது,
கரண்டு பில், பெல்ட்,
கல் கொத்துக்கூலி கழிக்காமல்.

கூத்தாநல்லூரிலிருந்து ஏஜெண்ட் ஜெகபர் அலி வந்தார்.
அன்றைக்கு பைக்கில் பறந்து வந்தவர்
இன்றைக்கு மகன் ஓட்ட
பின்னால் பிடித்துக்கொண்டு வந்தார்.
"என்னுதும் ஏறிடுச்சு அக்கா" என்றார் முதலில்.
பிறகுதான் படிவம்.

மூச்சிரைப்பு உண்டா?
மிளகாய் அரைக்கிற நாளில் தெருவுக்கே உண்டு.
புகையிலை?
எப்போதாவது, வெற்றிலையோடு ஒரு துணுக்கு.
இல்லை என்று எழுதினார்.
"அடிச்சுட்டு உண்டுன்னு போடுங்க.
பொய் சொல்லிச் செத்தா காசு வராதாமே."
நாமினி?
கலியமூர்த்தி. கணவர்.
கையெழுத்து?
இடது பெருவிரல்.
லாரி ஓட்டிய வலது கை
மூன்று வருஷமாய் அவர் மடியிலேயே தூங்குகிறது.

மறுநாள் மன்னார்குடி பேங்க்.
எனக்கு முன்னால் ஒருவர்
சம்பாவுக்கு இன்சூரன்ஸ் கட்ட நின்றார்.
சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல்
எல்லாம் ஒரு மஞ்சப்பையில்.
ஏக்கருக்கு இவ்வளவு என்றார்கள், கட்டினார்.
நிலத்துக்கு என்ன வயசு என்று
யாரும் கேட்கவில்லை.
எத்தனை வெள்ளத்தில் முழுகியது,
எத்தனை வருஷம் தண்ணீர் வராமல் வெடித்துக் கிடந்தது,
ஒன்றும் கேட்கவில்லை.
வாழ்க்கையில் முதல்தடவையாக
மூணு மா வயல்மீது பொறாமைப்பட்டேன்.

"அஞ்சு லட்சத்தை ரெண்டாக் குறைச்சுக்கலாம்மா.
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்தான் வரும்.
யோசிச்சுட்டீங்களா?"
கவுண்டர் பெண்ணுக்கு என் மகள் வயசுகூட இருக்காது.
அவள் அடுக்கு எதுவோ, மலிவாயிருக்கும்.

யோசித்தாயிற்று.
மில் கடன் பாக்கி ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.
கடன் என்னோடு வந்துவிட வேண்டும்.
அவர் தலைமாட்டில் வந்து நிற்கக் கூடாது.
மிச்சம் பத்தாயிரம் காரியத்துக்கு.
மில்லை வாடகைக்கு விட்டால் அவருக்குச் சோறு.
சேலை, மோதிரம், மகளுக்கு ஏதாவது
என்றெல்லாம் அந்த ஐந்தில் ஒளித்துவைத்திருந்த
மூன்று லட்சத்தை
அங்கேயே, அந்தக் கவுண்டரிலேயே
விட்டுவிட்டு வந்தேன்.
பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.

"பாதிக்கும் கீழே வெட்டிட்டேன் என்னை"
என்று அவரிடம் சொன்னேன்.
பாதி முகத்தால் சிரித்தார்.
மறுபாதி எப்போதும்போல
எதிலும் கலந்துகொள்ளவில்லை.

சாயங்காலம் யாரோ எட்டுக் கிலோ
குண்டு மிளகாய் கொண்டுவந்தார்கள்.
மோட்டாரைப் போட்டேன்.
முந்தானையால் மூக்கைக் கட்டியும்
வந்துவிட்டது தும்மல்.

உள்ளே கட்டிலிலிருந்து
குழறிய நாக்கு
அத்தனை சத்தத்தையும் தாண்டிச் சொன்னது:
நூறு.

"பேசாம இருங்க" என்று கத்தினேன்.
"அவங்க அட்டவணையே எழுபதோட முடியுது.
நூறு வரைக்கும் யார் கட்டுறது?"

மறுபடி தும்மினேன்.
இருநூறு என்றார்.